புது மீன் தொட்டியில் மீன் சாவது ஏன்? நைட்ரைட்டும் ஃபில்டரும்

பக்கத்து வீட்டுத் தம்பி தொட்டி வாங்கி மூன்றாவது வாரம் வந்து நின்றான். “அண்ணா, தண்ணி கண்ணாடி மாதிரி இருக்குது. அப்புறம் ஏன் தினம் ஒண்ணு சாவுது?”

போய்ப் பார்த்தேன். இரண்டடித் தொட்டி. எட்டு கோல்டு ஃபிஷ்ஷில் மூன்றுதான் மிச்சம். மூன்றும் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன. காற்று போதவில்லை என்று நினைத்து இன்னொரு ஏர் மோட்டார் வாங்கிப் போட்டிருந்தான். குமிழி பொங்கி வந்தது, மீன்கள் மேலேயேதான் நின்றன. என் வீட்டிலிருந்து டெஸ்ட் கிட்டை எடுத்து வந்து, குழாயில் 5 மி.லி. தண்ணீர் பிடித்து, கிட்டிலுள்ள சோதனை மருந்தில் 5 சொட்டு விட்டுக் குலுக்கினேன். நைட்ரைட் (மீன் கழிவிலிருந்து தண்ணீரில் உண்டாகும் ஒரு விஷம்) இல்லையென்றால் வெளிர் நீலமாக நிற்க வேண்டும். ஐந்து நிமிடம் ஆவதற்குள் கத்திரிக்காய் நிறத்துக்கு வந்துவிட்டது.

தருமபுரியில் நான் வைத்த முதல் தொட்டியும் இப்படித்தான் போனது. அப்போது என்னிடம் கிட்டும் இல்லை, சொல்ல ஆளும் இல்லை. தொட்டி வாங்கிய அன்றே கடையில் மீனையும் கவரில் போட்டுக் கொடுத்துவிட்டார்கள். இந்தக் கட்டுரை தொட்டி வாங்கப் போகிறவர்களுக்கும், வாங்கிவிட்டு முழித்துக்கொண்டிருப்பவர்களுக்கும்.

தண்ணீருக்குள் என்ன நடக்கிறது

மீன் தின்னும் தீவனத்தில் புரதம் அதிகம். அது செரித்து அம்மோனியாவாக வெளியே வருகிறது. அதில் பெரும்பங்கு செவுள் வழியாகவே தண்ணீரில் கலந்துவிடும். தின்னாமல் அடியில் கிடந்து அழுகும் தீவனமும் அம்மோனியாதான். இது மீனுக்கு விஷம்.

இந்த அம்மோனியாவைத் தின்று வாழும் பாக்டீரியா உண்டு, நைட்ரோசோமோனாஸ் போன்றவை. அவை அம்மோனியாவை நைட்ரைட் ஆக்கும். அதுவும் விஷம்தான். இரண்டாவது கூட்டம் நைட்ரைட்டை எடுத்து நைட்ரேட் ஆக்கும். நைட்ரேட் ஓரளவு சேர்ந்தாலும் மீன் தாங்கும், வாராவாரம் தண்ணீர் மாற்றி அதை வெளியேற்றலாம். இந்த இரண்டாவது வேலையைச் செய்வது நைட்ரோபாக்டர் என்றுதான் பழைய புத்தகங்களில் இருக்கும். நன்னீர்த் தொட்டிகளில் முக்கியமாக இருப்பது நைட்ரோஸ்பைரா என்று 1998-ல் வெளியான ஆய்வு காட்டியது. கடையில் பாட்டில் பாக்டீரியா வாங்குகிறவர்களுக்கு இந்தப் பெயர் உதவும்.

சிக்கல் நேரத்தில் இருக்கிறது. சாதாரண பாக்டீரியா அரை மணிக்குள் இரண்டாகப் பெருகிவிடும். இவற்றுக்கு அரை நாளுக்கு மேல் ஆகும். அதிலும் இரண்டாவது கூட்டம், தின்ன நைட்ரைட் வந்த பிறகுதான் பெருகவே தொடங்கும். அதனால் புதுத் தொட்டியில் முதல் வாரம் அம்மோனியா ஏறும். அது இறங்கும்போது நைட்ரைட் ஏறி, இரண்டாவது வாரத்திலிருந்து நான்காவது வாரம் வரை உச்சியில் நிற்கும். “ஒரு வாரம் நல்லாத்தான் இருந்துச்சு, அப்புறம்தான் ஆரம்பிச்சுது” என்று எல்லோரும் சொல்வது இதனால்தான்.

நைட்ரைட் செவுள் வழியாக இரத்தத்துக்குள் போய் ஹீமோகுளோபினை மெத்திமோகுளோபினாக மாற்றிவிடும். அதனால் ஆக்ஸிஜனைச் சுமக்க முடியாது. இரத்தம் சாக்லேட் நிறத்துக்குப் போகும், செவுளும் பழுப்பாகும். தண்ணீரில் ஆக்ஸிஜன் நிறைய இருந்தும் மீன் மூச்சுக்குத் திணறுகிறது. தம்பி போட்ட இரண்டாவது மோட்டார் பலிக்காமல் போனதற்குக் காரணம் இதுதான்.

எந்தத் தண்ணீரை ஊற்றுவது

நம் பக்கம் வீட்டில் இரண்டு மூன்று வகைத் தண்ணீர் இருக்கும். போர் தண்ணீர், 2013-ல் தொடங்கிய கூட்டுக் குடிநீர்த் திட்டத்தில் வரும் ஒகேனக்கல் தண்ணீர், குடிக்க ஆர்ஓ அல்லது 20 லிட்டர் கேன்.

கேன் தண்ணீர்தான் சுத்தம் என்று அதை மட்டும் ஊற்றுகிறவர்கள் உண்டு. வேண்டாம். பாக்டீரியா அம்மோனியாவை மாற்றும்போது தண்ணீரிலுள்ள காரத்தன்மையைச் செலவழிக்கிறது. ஆர்ஓ தண்ணீரில் அது கிட்டத்தட்ட இல்லை. கொஞ்ச நாளில் பிஎச் (தண்ணீர் அமிலமா காரமா என்று காட்டும் எண்) சரிந்து 6-க்குப் பக்கத்தில் வந்துவிட்டால் பாக்டீரியாவின் வேலை மந்தமாகிவிடும்.

வாளியில் வெள்ளைப் படிவு விடுகிற நம் போர் தண்ணீரை எல்லோரும் திட்டுவார்கள். மீன் தொட்டிக்கு அது அவ்வளவு மோசமில்லை. பெரும்பாலும் கடினத் தண்ணீரில் காரத்தன்மையும் சேர்ந்தே இருக்கும், பிஎச் சட்டென்று சரியாது. கப்பி, மோலி, பிளாட்டி மூன்றுக்கும் கடினத் தண்ணீர்தான் பிடிக்கும். ஒரே ஒரு எச்சரிக்கை: பிஎச் கூடினால் அம்மோனியாவின் விஷமும் கூடும். பிஎச் 7-ல் விஷ வடிவில் இருக்கும் அம்மோனியாவைப் போலப் பத்து மடங்கு பிஎச் 8-ல் இருக்கும். என் வீட்டுப் போர் தண்ணீர் 8 காட்டியது. அதனால் ‘கொஞ்சம்தானே இருக்கு’ என்று அம்மோனியாவை நான் விடுவதில்லை.

போர் தண்ணீரைப் பிடித்த உடனே ஊற்ற வேண்டாம். ஆழத்திலிருந்து வரும் தண்ணீரில் ஆக்ஸிஜன் குறைவாக இருக்கும். ஒரு டிரம்மில் பிடித்து, ஏர் ஸ்டோன் (மோட்டார் காற்றைச் சின்னக் குமிழிகளாக விடும் கல்) போட்டு ஒரு ராத்திரி விடுங்கள். குழாய்த் தண்ணீரில் குளோரின் இருக்கும், அதையும் திறந்த வாளியில் 24 மணி நேரம் வைக்க வேண்டும். அவசரமென்றால் கடையில் கிடைக்கும் ஆன்ட்டி குளோரின் சொட்டு.

தொட்டியைச் சோதிக்கும் முன் ஊற்றப்போகும் தண்ணீரையும் ஒரு முறை சோதித்துவிடுங்கள். வயற்காட்டுக் கிணறுகளில் உரத்திலிருந்து இறங்கிய நைட்ரேட் முன்பே இருக்கலாம். அது தெரியாமல் தொட்டியைக் குறை சொல்லிக்கொண்டிருப்போம்.

ஃபில்டர் யாருடைய வீடு

தண்ணீரைத் தெளிவாக வைப்பதற்குத்தான் ஃபில்டர் என்று முதலில் நானும் நினைத்தேன். அழுக்கைப் பிடிப்பது அதன் சின்ன வேலை. மேலே சொன்ன பாக்டீரியா தண்ணீரில் மிதந்து திரிவதில்லை, ஏதாவது ஒரு பரப்பில் ஒட்டி வாழும். ஸ்பான்ஜிலும் செராமிக் ரிங்கிலும் உள்ள கண்ணுக்குத் தெரியாத துளைகள்தான் அவற்றுக்கு வீடு. ஆக்ஸிஜனோடு தண்ணீர் அதன் வழியே ஓடிக்கொண்டே இருக்க வேண்டும்.

முதல் தொட்டிக்கு நான் சொல்வது ஸ்பான்ஜ் ஃபில்டர், கண்ணை மூடிக்கொண்டு. ஏர் மோட்டாரிலிருந்து வரும் காற்று குழாயில் குமிழியாக மேலேறும்போது, தண்ணீர் ஸ்பான்ஜ் வழியாக இழுபடும். பழுதாக உள்ளே ஒன்றும் இல்லை, குட்டி மீனை உறிஞ்சாது, மின்சாரமும் 3 முதல் 5 வாட்தான். மோட்டாரைத் தொட்டியின் தண்ணீர் மட்டத்துக்கு மேலே ஆணியடித்து மாட்டுங்கள், அல்லது டியூபில் நான்-ரிட்டர்ன் வால்வு போடுங்கள். இல்லையென்றால் கரண்ட் போகும்போது தண்ணீர் டியூப் வழியாகப் பின்னால் இறங்கி மோட்டாருக்குள் போகும். ஒரு நாள் காலையில் எழுந்து வந்து ஈரத் தரையில் கால் வைத்த பிறகுதான் இது எனக்குத் தெரிந்தது.

மேலே வைக்கும் டாப் ஃபில்டரோ, உள்ளே ஒட்டும் பவர் ஃபில்டரோ வாங்கினால், மணிக்குத் தொட்டியின் கொள்ளளவைப் போல 4 முதல் 6 மடங்கு தண்ணீர் ஓட்டுவதாகப் பாருங்கள். இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரத் தொட்டி இரண்டு கன அடி, கன அடிக்கு 28 லிட்டர் என்றால் 56 லிட்டர். கூழாங்கல்லும் மேலே விட்ட இடமும் போக உண்மையில் 45 லிட்டர்தான் நிற்கும். அதற்கு மணிக்கு 200 முதல் 300 லிட்டர் போதும். அடுக்கும் வரிசை: தண்ணீர் முதலில் தொடும் இடத்தில் ஸ்பான்ஜ், அதற்குப் பிறகு செராமிக் ரிங். ரிங் கட்டுப்படியாகவில்லையா? பாத்திரம் தேய்க்கும் புது பிளாஸ்டிக் நார் நாலைந்து வாங்கிப் போடுங்கள். சோப்பு கலந்ததோ கம்பி நாரோ கூடாது. கார்பன் தேவையே இல்லை.

மீன் இல்லாமல் ஒரு மாதம்

இதுதான் யாருக்கும் பிடிக்காத பகுதி. வீட்டில் பிள்ளைகள் “மீன் எங்க?” என்று தினமும் கேட்பார்கள். கேட்கட்டும்.

தொட்டியை நிரப்பி, ஃபில்டரை ஓட விடுங்கள். வெறும் தண்ணீரை 24 மணி நேரம் ஓட்டிவிட்டு மீனை விடலாம் என்று சொல்வார்கள். அதில் குளோரின் போகும், அவ்வளவுதான். பாக்டீரியாவுக்கு அங்கே சாப்பாடே இல்லை. எனவே மீன் இருப்பதாகப் பாவித்து தினமும் ஒரு சிட்டிகைத் தீவனம் போடுங்கள். அது அழுகி அம்மோனியா வரும். இன்னும் சீராகச் செய்ய விரும்புகிறவர்கள் ஆய்வகப் பொருள் விற்கும் கடையில் அம்மோனியம் குளோரைடு வாங்கலாம். 10 கிராமை 1 லிட்டர் தண்ணீரில் கரைத்து வைத்துக்கொண்டு, 45 லிட்டர் தொட்டிக்கு அதில் 28 மி.லி. ஊற்றினால் அம்மோனியா லிட்டருக்கு 2 மி.கி. அளவுக்கு வரும். பாத்திரத்துக்கு ஈயம் பூசப் பயன்படும் நவச்சாரமும் அதே பொருள்தான். ஆனால் அதில் வேறு என்ன கலந்திருக்கிறது என்று சொல்ல முடியாது, தொட்டிக்கு வேண்டாம்.

இரண்டு நாளைக்கு ஒரு முறை அம்மோனியாவும் நைட்ரைட்டும் பார்த்து, காலண்டரில் அந்தத் தேதிக் கட்டத்திலேயே குறித்து வையுங்கள். அம்மோனியா ஏறி இறங்கும், அப்புறம் நைட்ரைட் ஏறும். மூன்றாவது வாரம் முழுக்கக் குழாய் ஊதாவாகவே இருக்கும். ஏதோ தப்பு நடந்துவிட்டது என்று தோன்றும். ஒன்றும் தப்பில்லை. ஒரு நாள் பார்த்தால் திடீரென்று வெளிர் நீலம். லிட்டருக்கு 2 மி.கி. வரும்படி அம்மோனியா போட்டு, 24 மணி நேரத்தில் அம்மோனியாவும் நைட்ரைட்டும் இரண்டும் பூஜ்யத்துக்கு வந்தால் தொட்டி தயார். தீவனம் போட்டு ஓட்டியவர்களுக்கு, தினமும் போட்டும் ஒரு வாரம் தொடர்ந்து இரண்டும் பூஜ்யம் காட்ட வேண்டும். நான்கிலிருந்து ஆறு வாரம் ஆகலாம். நம் வெயிலில் கொஞ்சம் சீக்கிரமே முடியும், 25 முதல் 30 டிகிரிதான் இந்தப் பாக்டீரியாவுக்கு வசதி. ஓசூர்ப் பக்கம் மார்கழிக் குளிரில் தொடங்கினால் இழுக்கும், அங்கே ஹீட்டர் போடுவது நல்லது.

குறுக்கு வழி ஒன்று உண்டு, நல்ல வழியும்கூட. ஏற்கெனவே மாதக்கணக்கில் தொட்டி ஓட்டும் நண்பரிடம் பழைய ஸ்பான்ஜில் பாதியைக் கேட்டு வாங்குங்கள். அவர் தொட்டித் தண்ணீரிலேயே மூழ்க வைத்து, காயாமல், வெயிலில் வைக்காமல் கொண்டுவந்து உங்கள் ஃபில்டரில் செருகிவிட்டால் ஒரு மாத வேலை ஒரு வாரம், பத்து நாளில் முடிந்துவிடும். அவர் தொட்டியில் நோய் இல்லை என்பதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

மீன் இருக்கும்போதே நைட்ரைட் ஏறிவிட்டால்

தம்பி வீட்டில் அன்று செய்தது இதுதான். முதலில் தீவனத்தை நிறுத்தச் சொன்னேன். நாலைந்து நாள் சாப்பிடாவிட்டால் வளர்ந்த மீன் சாகாது. அடுத்து பாதித் தண்ணீர் மாற்றம். கணக்கு எளிது: நைட்ரைட் லிட்டருக்கு 2 மி.கி. இருந்தால் பாதி மாற்றினால் 1, மறுநாள் இன்னொரு பாதி மாற்றினால் அரை. பயந்து பயந்து கால்வாசி மாற்றினால் ஒன்றரையிலேயே நிற்கும். தண்ணீரை மாற்றினால் நல்ல பாக்டீரியா போய்விடும் என்று பயப்பட வேண்டாம், அவை ஸ்பான்ஜில் இருக்கின்றன. புதுத் தண்ணீர் குளோரின் போனதாகவும், ஏறக்குறைய அதே வெப்பத்திலும் இருந்தால் போதும்.

மூன்றாவது, உப்பு. உப்பிலுள்ள குளோரைடு செவுளில் நைட்ரைட்டோடு போட்டி போட்டு அதை உள்ளே விடாமல் தடுக்கும். 45 லிட்டருக்கு ஒரு டீஸ்பூன் கல் உப்பு. ஒரு மக் தொட்டித் தண்ணீரில் முழுசாகக் கரைத்து, கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றவும். உப்பு ஆவியாகாது. பாதித் தண்ணீர் மாற்றினால் பாதி டீஸ்பூன் மட்டும் திரும்பச் சேர்த்தால் போதும், ஒவ்வொரு முறையும் முழு டீஸ்பூன் போட்டுக்கொண்டே போகாதீர்கள். உப்பு நைட்ரைட்டைக் குறைப்பதில்லை, மீனுக்கு அவகாசம் வாங்கிக் கொடுக்கிறது. தண்ணீர் மாற்றத்தை அதைக் காட்டி நிறுத்தக் கூடாது.

எந்த அளவில் என்ன செய்வது என்று கேட்டால், என் வழக்கம் இது. லிட்டருக்குக் கால் மி.கி. வரை: தீவனம் பாதி, மறுநாள் திரும்பச் சோதனை. அரை மி.கி. தாண்டினால் பாதித் தண்ணீர் மாற்றம். 1-க்கு மேல் போனால் அன்றும் மறுநாளும் மாற்றம், கூடவே உப்பு. கிட் வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள்: சில கிட்கள் நைட்ரைட்டாகவே காட்டும், சில அதிலுள்ள நைட்ரஜனை மட்டும் காட்டும். இரண்டாவது வகையில் வரும் எண்ணை 3.3-ஆல் பெருக்கினால்தான் நைட்ரைட் அளவு. நான் மேலே சொன்னது முதல் வகை.

மீன் சோர்ந்தால் கடையில் நீல மருந்து கொடுப்பார்கள். மெத்திலீன் ப்ளூவைத் தொட்டிக்குள் ஊற்றினால் ஃபில்டர் பாக்டீரியாவும் சேர்ந்து போகும். கொடுத்தே ஆக வேண்டுமென்றால் மீனைத் தனி வாளிக்கு மாற்றிக் கொடுங்கள்.

தம்பியின் மூன்று மீனில் இரண்டு பிழைத்தன. பதினோரு நாள் ஆனது.

கழுவுவதும் நிறுத்துவதும்

எல்லாம் சரியான பிறகு, ஆறாவது மாதம் திடீரென்று நைட்ரைட் வந்தால் முதலில் நான் கேட்கும் கேள்வி: “ஃபில்டரை எப்போ கழுவுனீங்க?” பெரும்பாலும் முந்தின ஞாயிற்றுக்கிழமையாக இருக்கும். ஸ்பான்ஜைக் குழாயடியில் வைத்து, வெள்ளையாகும் வரை கசக்கியிருப்பார்கள். குளோரின் தண்ணீரில் பாக்டீரியா செத்துவிடும். தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீர் அரை வாளி போதும், அதில் இரண்டு மூன்று முறை பிழிந்துவிட்டுத் திரும்ப மாட்டுங்கள். பழுப்பாகவே இருக்கட்டும். ஸ்பான்ஜ் கிழிந்து புதிதாக மாற்ற வேண்டியிருந்தால், பழையதையும் புதியதையும் ஒரு மாதம் சேர்த்தே ஓட விட்டுப் பிறகு பழையதை எடுங்கள்.

இன்னொரு பழக்கம், ராத்திரி சத்தம் என்று மோட்டாரை நிறுத்திவிட்டுத் தூங்குவது. எங்கள் அம்மாவே செய்வார், கரண்ட் பில்லுக்குப் பயந்து. 5 வாட் மோட்டார் 24 மணி நேரமும் ஓடினாலும் மாதத்துக்கு 3.6 யூனிட்தான் என்று கணக்குப் போட்டுக் காட்டிய பிறகுதான் விட்டார். சத்தத்துக்கு மோட்டாரை ஒரு துண்டு நுரை ஷீட்டின் மேல் வையுங்கள்.

கரண்ட் போவது நம் கையில் இல்லை. மாதாந்திரப் பராமரிப்பு என்று காலை 9 மணிக்குப் போனால் சாயங்காலம்தான் வரும். அன்று தீவனம் போடாதீர்கள். இன்வெர்ட்டர் இருந்தால் ஏர் மோட்டாரின் பிளக்கை அதில் செருகுங்கள், இல்லையென்றால் பேட்டரியில் ஓடும் ஏர் பம்ப் ஒன்று வாங்கி வையுங்கள். அதுவும் இல்லையா, அரை மணிக்கு ஒரு முறை மக்கில் தண்ணீரை மொண்டு ஓரடி உயரத்திலிருந்து ஊற்றினாலும் கொஞ்சம் காற்று சேரும். மூடிய கேனிஸ்டர் ஃபில்டர் வைத்திருப்பவர்கள், பல மணி நேரம் நின்றுபோனால் உள்ளே தேங்கிய தண்ணீரைக் கொட்டிவிட்டுப் பிறகுதான் ஓட்ட வேண்டும். உள்ளே ஆக்ஸிஜன் தீர்ந்து, கெட்டுப்போன தண்ணீர் அப்படியே தொட்டிக்கு வரும். சித்திரை வெயிலில் தண்ணீர் சூடாக ஆக அதில் கரையும் ஆக்ஸிஜன் குறையும். மூடியைத் திறந்து, மேற்பரப்பில் படும்படி ஒரு டேபிள் ஃபேன் வையுங்கள்.

எத்தனை மீன்

45 லிட்டருக்கு முதலில் ஐந்து கப்பி. இரண்டு வாரம் நைட்ரைட் பூஜ்யமாகவே இருந்தால் இன்னும் மூன்று. கப்பி தானே பெருகிக்கொள்ளும், அவசரமே வேண்டாம். கோல்டு ஃபிஷ் நிறையத் தின்று நிறையக் கழிக்கும், பெரிதாகவும் வளரும். இந்த அளவுத் தொட்டிக்கு ஒன்றுகூட அதிகம். ‘டேங்க் கிளீனர்’ என்று சக்கர் மீனைத் தலையில் கட்டப் பார்ப்பார்கள். அது பாசியைத் தின்னும், ஆனால் அதன் கழிவை யார் சுத்தம் செய்வது? ஓரடிக்கு மேல் வளர்ந்த பிறகு வைத்துக்கொள்ள முடியாமல் கிருஷ்ணகிரி கேஆர்பி டேமிலோ ஏரியிலோ கொண்டுபோய் விடுகிறார்கள். அந்த வேலையை மட்டும் செய்யாதீர்கள், நம் நீர்நிலைகளில் நாட்டு மீன்களை அது படுத்தும் பாடு போதும்.

தீவனம் ஒரு நாளைக்கு ஒரு வேளை, இரண்டு நிமிடத்தில் தின்று தீர்க்கும் அளவு. வீட்டில் யார் போடுவது என்று ஒருவரை முடிவு செய்துவிடுங்கள். எங்கள் வீட்டில் ஒரு வாரம் மூன்று பேரும் தனித்தனியே போட்டுக்கொண்டிருந்தோம், டெஸ்ட் குழாய் நிறம் மாறிய பிறகுதான் வெளியே வந்தது.

தொட்டி நிலைத்த பிறகு வாரம் ஒரு நாள் நைட்ரைட் சோதனை, கால்வாசித் தண்ணீர் மாற்றம். எடுக்கிற தண்ணீரில் நைட்ரேட் இருக்கும், அது செடிக்கு உரம். எங்கள் வீட்டில் அது கறிவேப்பிலைக்குப் போகிறது. உப்பு போட்ட வாரம் மட்டும் வாசல் தெளிக்க.